கறுப்புக் கைப்பையில் புள்ளிக் கோலம்: எந்த பெயிண்ட் நிற்கும்?

செந்தூல்காரி

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். நான் கட்டப்போவது அரக்கு நிறப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை. அதற்குத் தோதாக ஒரு பை வேண்டுமென்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு முழுக்க அலைந்தேன். மணி கோத்தது, ஜரிகை தைத்தது எல்லாம் இருக்கிறது. ஆனால் கைப்பேசியும் மூக்குக்கண்ணாடியும் வைத்தால் வாய் மூடாது. வீட்டில் ஒரு கறுப்புப் பை சும்மா கிடக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு வாங்கியது. செயற்கைத் தோல், ஒரு பூகூட இல்லாத மொட்டைப் பை. முன்பக்கம் 28 சென்டிமீட்டர் அகலம், 20 உயரம். அதில் வெள்ளையில் ஒரு புள்ளிக் கோலம், ஓரமாக நாலைந்து மல்லிகை மொட்டு, நடுவில் கொஞ்சம் அரக்குச் சிவப்பும் மஞ்சளும் வந்தால் போதும் என்று ஆசை.

மகளின் பள்ளி ஓவிய வகுப்புக்கு வாங்கிய அக்ரிலிக் பெயிண்ட் பெட்டி ஒன்று இருக்கிறது. அதையே பூசினால் நிற்குமா? நெயில் பாலிஷ் ரிமூவரால் முதலில் நன்றாகத் துடை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. யூடியூபிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். என் நாத்தனாரோ, ஐயோ வேண்டாம், பை உருகிவிடும் என்கிறார். செய்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன். கோலம் கைக்கு வரும், பெயிண்ட்தான் புதுசு.

கோப்பி ஓ கொசோங்

இதற்கு ஏன் அக்கா இவ்வளவு யோசனை? போஸ்கா பெயிண்ட் மார்க்கர் வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று வாங்குங்கள், வரையுங்கள், முடிந்தது. என் சப்பாத்தில் நான் அப்படித்தான் வரைந்தேன். கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகிறேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

அஞ்சடிக் கடை

வணக்கம் தங்கச்சி. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், சப்பாத்து, பை, இடுப்புவார் எல்லாம் பழுது பார்க்கிறவன் நான். நிறம் போன பைக்கு நிறம் ஏற்றுவேன், கேட்பவர்களுக்குப் படமும் வரைந்து கொடுப்பேன். கோப்பி தம்பி வரைந்தது கேன்வாஸ் சப்பாத்தாக இருக்கும். துணி என்றால் மையைக் குடிக்கும். உங்கள் பை எதையும் குடிக்காது. பூசியது மேலேயேதான் உட்கார்ந்திருக்கும். அதை விழாமல் உட்கார வைப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

பெயிண்ட் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் அந்தப் பை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பியூ லெதர், அதாவது துணியின் மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய செயற்கைத் தோல் பை, அலமாரியில் இருந்தபடியே செத்துப்போகும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், கைப்பிடி மடிப்பில் நகம் பட்டால் செதில் செதிலாக வரும். செலோடேப் எடுத்து, பையின் அடியில் ஒரு இடம், கைப்பிடி தைத்த இடம், வாய் மடியும் இடம், இந்த மூன்றிலும் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கறுப்புத் தூள் வந்தால், பெயிண்டுக்குச் செலவழிக்கப் போகும் காசை வேறு பைக்குப் போடுங்கள். உரிகிற தோலின் மேல் எந்த ஊர் பெயிண்ட் பூசினாலும் இரண்டும் சேர்ந்தே உரியும். இதைச் சொன்னால் கடையில் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள், "அண்ணே, இரண்டு கல்யாணத்துக்குத்தானே போட்டேன்" என்று. போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

அடுத்தது, அது பியூவா, இல்லை பிவிசி என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கா என்பது. உள்ளே லைனிங் தையல் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், எங்காவது வெட்டு முனை தெரியும். துணியின் மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருந்து, மடித்தால் துணியைப் போலவே வளைந்தால் அநேகமாக பியூ. படலம் தடிப்பாக, விறைப்பாக இருந்து, புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பான சாமான். அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலப்பார்கள். அது நாள் போகப் போக மேலே கசிந்து வந்து, பூசிய பெயிண்டைப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். பிவிசியில் வரையவே முடியாது என்று சொல்ல வரவில்லை. பியூ என்றால் நிம்மதியாக வரையலாம், அவ்வளவுதான்.

நெயில் பாலிஷ் ரிமூவர் விஷயத்தில் நாத்தனார் கட்சிதான் நான். அதிலுள்ள அசிட்டோன் நிஜத் தோலுக்கு உரியது. நிஜத் தோலின் மேல் தொழிற்சாலையில் ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் தோலில் பெயிண்ட் பிடிக்கச் செய்வது வழக்கம். யூடியூபில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் பையில் அந்தப் பூச்சுதான் பையே. அதைக் கரைத்தால் மிச்சம் இருப்பது துணி.

சுத்தம் செய்ய, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியைப் பிழிந்து துடையுங்கள். சோப்பு போக இன்னொரு முறை வெறும் தண்ணீரில் துடைத்துக் காய விடுங்கள். பிறகு மருந்துக் கடையில் விற்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால். பஞ்சில் தொட்டு, வரையப் போகும் இடத்தை மட்டும் லேசாகத் துடைக்க வேண்டும், ஊற விடக் கூடாது. அதையும் முதலில் பையின் அடியில் சோதித்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு இறங்கிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிட்டு சோப்போடு போதும் என்று விட்டுவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கைச் சுத்திகரிப்பு ஜெல்லை இதற்கு எடுக்காதீர்கள். அதில் கை காயாமல் இருக்கச் சேர்த்த சாமான் பையில் தங்கிவிடும். ஈரத் தாள் துடைப்பானும் அப்படித்தான். பளபளக்கட்டும் என்று காடி (கார்) டாஷ்போர்டு பாலிஷ் எப்போதாவது போட்டிருக்கிறீர்களா? சில பாலிஷில் சிலிகோன் இருக்கும், அதன் மேல் பெயிண்ட் திரண்டு திரண்டு ஓடும். துடைத்து முடித்த பிறகு, தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

இப்போது பெயிண்ட். மகளின் பெட்டியை மகளிடமே கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூட அக்ரிலிக் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். தாளில் அது தெரியாது, பையை வளைத்த இடத்தில் விரிசல் விடும். தோலுக்கென்று விற்பதும் அக்ரிலிக்தான், தண்ணீரில் கரைவதுதான், ஆனால் காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பசை அதில் இருக்கும். நான் அதிகம் எடுப்பது ஏஞ்சலஸ். 1907 முதல் சப்பாத்துக்கான சாமான் செய்யும் அமெரிக்கக் கம்பெனி. ஷாப்பி இணையக் கடையில் தேடினால் 1 அவுன்ஸ் பாட்டில், அதாவது 29.5 மில்லி, கிடைக்கும். ஒரு கோலத்துக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. பெபியோவின் செட்டாகலர் லெதரும் செயற்கைத் தோலுக்கு ஆகும். தங்க நிறம் வேண்டுமானால் ஜாக்கார்ட் லூமியர் பார்க்க அழகு. வாங்கும்போது "லெதர் டை" என்று எழுதியதை எடுத்துவிடாதீர்கள். அது நிஜத் தோலுக்குள் ஊறுகிற சாயம், உங்கள் பையில் துடைத்தால் போய்விடும்.

கறுப்பின் மேல் சிவப்பையும் மஞ்சளையும் நேராகப் பூசினால் சிவப்பு காய்ந்த ரத்தம் மாதிரி தெரியும், மஞ்சள் பாசி நிறமாகும். நிறம் வருகிற இடத்தில் எல்லாம் முதலில் வெள்ளை போடுங்கள். அந்த வெள்ளையின் முதல் பூச்சு திட்டுத் திட்டாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அதுதான் சரியான முதல் பூச்சு. ஒரே பூச்சில் மறைக்கப் பார்த்தால் கனமாகி, பின்னால் ஏடு ஏடாக உரியும். மெல்லியதாக ஒன்று, காய விட்டு மெல்லியதாக இன்னொன்று, வேண்டுமானால் மூன்றாவது. நடுவில் 15, 20 நிமிடமாவது விட வேண்டும். மழை பெய்கிற சாயங்காலம் என்றால் அதற்கு மேலும் ஆகும். ஏர்கோன் அறையில் செய்தால் சீக்கிரம் காயும். ஹேர் டிரையர் பிடிப்பதானால் குளிர்ந்த காற்றில் பிடியுங்கள். சூடு வைத்தால் தோல் நெளியும்.

எங்கே வரைகிறோம் என்பதும் உண்டு. மடியும் இடம், தையல் மேல், இடுப்பில் உரசும் பின்பக்கம், இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். முன்பக்கத்தின் நடுப்பகுதி மட்டும். பைக்குள் பழைய துவாலையைத் திணித்து விறைப்பாக்கிக்கொண்டு வரையுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை லைனிங்கில் ஒட்டும்.

ஜாதிக்காய் ஊறுகாய்

அஞ்சடி அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்கு அதிகம் இல்லை. பினாங்கில் இருந்து எழுதுகிறேன். ஜார்ஜ்டவுன் வாரச் சந்தையில் வரைந்த பைகள் விற்கிறேன், அதனால் கடைசிப் பூச்சு பற்றி மட்டும் கொஞ்சம்.

படம் காய்ந்ததும் மேலே ஒரு நிறமில்லாத பூச்சு கட்டாயம். அதையும் தோலுக்கென்று விற்கிற அக்ரிலிக் ஃபினிஷராக வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ் ஸ்ப்ரே வேண்டாம், வளைந்தால் கண்ணாடி மாதிரி கீறும். கைவினைக் கடையில் விற்கும் மோட் பாட்ஜ் பசையும் வேண்டாம். நம் சூட்டில் அது விரலில் ஒட்டும்.

இன்னொரு விஷயம், எல்லாரும் மேட், அதாவது பளபளக்காத பூச்சு வாங்குகிறார்கள், பார்க்க நாகரிகமாக இருக்கிறதென்று. கறுப்புப் பைக்கு மேட் என்றால் யோசியுங்கள். பளபளப்பைக் குறைக்க அதில் நுண்ணிய தூள் கலந்திருக்கும், அது பாட்டில் அடியில் தங்கும். கலக்காமல் பூசினாலோ, கனமாகப் பூசினாலோ கறுப்பின் மேல் வெள்ளை மூடுபனி போட்டதுபோல் ஆகிவிடும். மிதமாகப் பளபளக்கும் சாட்டின் பூச்சு கறுப்புக்குப் பாந்தமாக இருக்கும். பட்டுச் சேலையோடு பிடிக்கப் போவதால் உங்களுக்கு அதுவே பொருத்தம். கோலத்தின் மேல் மட்டும் பூசாமல் முன்பக்கம் முழுக்க ஒரே சீராகப் பூசுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் திட்டு தெரியும்.

பாட்டிலைக் குலுக்காதீர்கள், நுரை வந்துவிடும். குச்சியால் மெல்லக் கிளறினால் போதும்.

ஆசிரியர் அறை

வேதியியல் நடத்துகிறவன், சும்மா இருக்க முடியவில்லை. அஞ்சடி அண்ணன் பை "செத்துப்போகும்" என்றாரே, அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நீராற்பகுப்பு. மலிவான பியூ பெரும்பாலும் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரம் அதன் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும். அறுபடும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை விரைவுபடுத்தும். அதனால்தான் நீண்ட நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, தொடங்கியதும் ஒரே மாதத்தில் முழுப் பையும் உதிர்வதுபோல் இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். கோலாலம்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலியீதர், பாலிகார்பனேட் வகை பியூ இதைவிடத் தாங்கும், ஆனால் 35 வெள்ளிப் பையில் அதை எதிர்பார்க்க முடியாது.

பையைப் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைப்பவர்கள் உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துக் கட்டி வைக்கிறார்கள். பருத்தித் துணி உறை நல்லது.

பிவிசியா என்று உறுதி செய்ய 1872-இல் பைல்ஸ்டைன் என்ற வேதியியலாளர் சொன்ன ஒரு சோதனை உண்டு. செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால் குளோரின் இருக்கும் பொருளுக்குச் சுடர் பச்சையாக எரியும். பிவிசியில் குளோரின் இருக்கிறது, பியூவில் இல்லை. வீட்டில் செய்யாதீர்கள், அந்தப் புகை நல்லதில்லை. வெட்டு முனையைப் பார்க்கும் வழியே உங்களுக்குப் போதும். பச்சைச் சுடரை நினைத்தாலே எனக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் சொன்னேன்.

செந்தூல்காரி

எல்லாருக்கும் நன்றி. செலோடேப் வைத்து இழுத்துப் பார்த்தேன். அடியிலும் வாயிலும் ஒன்றும் வரவில்லை. கைப்பிடி தைத்த இடத்தில் மட்டும் மிளகு அளவு ஒரு செதில் வந்தது. உள் ஜிப் பக்கம் வெட்டு முனை தெரிந்தது. மெல்லிய படலம், அடியில் சாம்பல் நிறத் துணி. வாசம் பெரிதாக இல்லை. பியூ என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஒரு செதிலுக்காகப் பையை விட்டுவிட வேண்டுமா?

அப்புறம் இரண்டு சந்தேகம். கோலத்தைப் பையில் எப்படி முதலில் குறித்துக்கொள்வது? கறுப்பில் பென்சில் தெரியாது. ரெண்டாவது, மருதாணிக் கூம்பு வைக்க எனக்கு நன்றாக வரும். வெறும் கூம்பில் பெயிண்டை நிரப்பி இழுத்தால் கோடு ஒரே சீராக வராதா?

அஞ்சடிக் கடை

பியூதான். கைப்பிடி செதில் நல்ல செய்தி இல்லை, ஆனால் முன்பக்கம் கெட்டியாக இருக்கிறதே. நிச்சயதார்த்தத்துக்கும் அதற்குப் பிறகு சில விசேஷங்களுக்கும் வரும். பத்து வருடத்துக்கு என்று நினைத்து வரையாதீர்கள். 35 வெள்ளிப் பைக்கு அது நியாயமான கணக்கு.

குறிப்பதற்குத் தையல்காரர் சுண்ணாம்புக் கட்டி வாங்குங்கள், வெள்ளை. அதில் இரண்டு வகை உண்டு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்வது மண் வகை, அதுதான் வேண்டும். வழவழவென்று சீவல் சீவலாக வந்தால் மெழுகு. மெழுகின் மேல் பெயிண்ட் பிடிக்காது. தையல் சாமான் கடையில் வெள்ளை கார்பன் தாளும் கிடைக்கும். கோலத்தைத் தாளில் போட்டு, கார்பனை வைத்து, மை தீர்ந்த பேனாவால் மேலே இழுத்தால் பையில் விழும். மை உள்ள பேனாவால் பையில் நேராகக் குறிக்கவே கூடாது. பால்பாயிண்ட் மை வெள்ளைப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், எத்தனை பூச்சு போட்டாலும் நீலமாகத் தலைகாட்டும். மாயாத மார்க்கரும் அப்படியே.

கூம்பு நல்ல யோசனை. ஆனால் கூம்பில் வருகிற கோடு மருதாணி மாதிரி மேடாக எழும்பும். மேடான கோடு வளைகிற பையில் ஓரத்திலிருந்து கிளம்பிவிடும். ஆகவே நுனியை ஊசி முனை அளவுக்கு வெட்டி, அழுத்தாமல் இழுத்து, ஈரம் இருக்கும்போதே மெல்லிய தூரிகையால் ஒருமுறை தடவி மட்டமாக்குங்கள். புள்ளிக்கு கூம்பு வேண்டாம். குண்டூசித் தலையைப் பெயிண்டில் தொட்டு வைத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரும். புள்ளி பிசகினால் ஈரத்திலேயே தண்ணீர் தொட்ட காது குடையும் பஞ்சால் எடுத்துவிடலாம். காய்ந்த பிறகு சுரண்டாதீர்கள், கறுப்பைத் தொட்டு மறையுங்கள். அதற்காகவே கறுப்பிலும் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நான் வேலையில் உட்காருவதே இல்லை.

ஜாதிக்காய் ஊறுகாய்

எந்தக் கோலம் போடப் போகிறீர்கள் அக்கா? சிக்குக் கோலமா, பூக்கோலமா? சிக்கு என்றால் கோடு அறுபடாமல் சுற்றி வர வேண்டும். பையைத் திருப்பித் திருப்பி வைத்து வரைவது கஷ்டம், ஏற்கெனவே போட்ட கோட்டில் கை பட்டுவிடும். நான் ஒரு நேரத்தில் கால் பகுதியை முடித்துக் காய வைத்துத்தான் அடுத்ததற்குப் போவேன்.

செந்தூல்காரி

7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை. நடுவில் தாமரை வரும், சுற்றி இலை. அம்மா மார்கழியில் போடுவது. தாமரை இதழுக்குத்தான் அரக்குச் சிவப்பு.

ஜாதிக்காய் ஊறுகாய்

அது நன்றாக அமையும். மொத்தம் 37 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 2 சென்டிமீட்டர் விட்டால் 12 சென்டிமீட்டர் அகலத்தில் அடங்கும், உயரம் பத்தரை கிட்ட வரும். உங்கள் 28-க்கு 20 பையில் சுற்றிலும் தாராளமாக இடம் இருக்கும், மல்லிகை மொட்டை ஒரு மூலையில் கொத்தாக விடலாம். வரிசைக்கு வரிசை இடைவெளி 2 சென்டிமீட்டர் வைக்காதீர்கள், அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 1.7 அளவில் வையுங்கள். இடைப்புள்ளி இரண்டு புள்ளிக்கு நடுவே வருவதால் அப்போதுதான் தாமரை வட்டமாக வரும். வாசலில் கண் அளவில் தானாகச் சரியாகிவிடும். பையில் அளவுகோல் இல்லாமல் வைத்தால் தாமரை நீண்டு வாழைப்பூவாகிவிடும்.

மல்லிகைக்கு முழு வெள்ளை வேண்டாம். காம்பு பக்கம் பச்சையில் துளி தொட்டு இழுங்கள். கறுப்பில் தனி வெள்ளை மொட்டு, அரிசி சிந்தினாற்போல் தெரியும்.

பட்டர்வொர்த் ஃபெரி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு வரையத் தெரியாது. பழுப்பு நிற பிவிசி பை ஒன்றை முழுக்க அரக்காக மாற்ற வேண்டும். தூரிகையால் பூசினால் ஆகுமா?

ஜாதிக்காய் சகோதரிக்கு இன்னொரு கேள்வி. பெரிய பிராண்டுகளின் எழுத்துச் சின்னத்தை வரைந்து தரச் சொல்லி என் தோழிகள் கேட்கிறார்கள். நீங்கள் அப்படி விற்பதுண்டா?

அஞ்சடிக் கடை

முழுப் பைக்குத் தூரிகை வேண்டாம், கோடு கோடாகத் தெரியும். காடி சீட்டுக்கு அடிக்கும் வினைல் ஸ்ப்ரே, காடி சாமான் கடையில் கேளுங்கள். அது வினைலைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தது. ஜிப், வளையம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூர நின்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். காற்றில்லாத நாளாக இருக்கட்டும். கைப்பிடியில் நிறம் முதலில் தேயும், அதற்குத் தயாராக இருங்கள். வேர்வைக் கையை எந்த ஸ்ப்ரேயாலும் ஜெயிக்க முடியாது.

ஜாதிக்காய் ஊறுகாய்

பிராண்டுச் சின்னமா, மாட்டவே மாட்டேன். சந்தையில் கேட்பவர்கள் நிறைய. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது, அடுத்தவர் பதிவு செய்த சின்னத்தை வைத்துப் பொருள் விற்பது குற்றம். அது ஒருபுறம். இன்னொருபுறம், கையால் வரையத் தெரிந்த பிறகு அவன் எழுத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்? ஜாதிக்காய்ப் பழம் பிளந்து சிவப்புப் பத்திரி தெரிகிறாற்போல் வரைந்து வைத்தால் அதுதான் முதலில் விற்கிறது.

செந்தூல்காரி

வெள்ளை இரண்டு பூச்சு, சிவப்பு இரண்டு பூச்சு முடிந்தது. தாமரை வந்துவிட்டது, இலை பாக்கி. முதல் வெள்ளையைப் பார்த்து என் வீட்டுக்காரர் "சுண்ணாம்பு கொட்டிவிட்டதா?" என்று கேட்டார். அண்ணன் முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் அப்போதே துடைத்துப் போட்டிருப்பேன். சிவப்பு கொஞ்சம் பளீரென்று இருக்கிறது, என் சேலை அரக்கு இன்னும் ஆழம். மேலே எதைப் பூசுவது? முடித்த பிறகு எத்தனை நாள் வைக்க வேண்டும்?

அஞ்சடிக் கடை

அந்தக் கறுப்பு பாட்டில் வாங்கினீர்கள் அல்லவா? சிவப்பில் ஒரு சொட்டுக் கறுப்பு கலந்தால் செத்த நிறமாகிவிடும். அதற்குப் பதில் பழுப்பு கொஞ்சம், இல்லையென்றால் நீலம் குண்டூசித் தலை அளவு சேர்த்துப் பாருங்கள். முதலில் தாளில் பூசிக் காயவிட்டு, சேலை முந்தானையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தால் ஒரு படி ஆழமாகும். டியூப்லைட்டில் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகாகத்தான் தெரியும், ஃபோட்டோ எடுப்பது வாசலில் அல்லவா?

ஃபினிஷர் இரண்டு மெல்லிய பூச்சு. தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது வேண்டும், நம் ஈரத்தில் கூடவே ஆகலாம். அதுவரை நிற்க வைத்தபடி அறையில் விடுங்கள், எதுவும் மேலே சாயக் கூடாது. வெயிலில் காய வைக்க வேண்டாம். அப்புறம் தலையணை உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பை பெயிண்டில் ஒட்டிக்கொண்டு வரும். நிச்சயதார்த்தத்தன்று காடியில் வைத்துவிட்டு இறங்கிப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காடிக்குள் இந்தப் பெயிண்ட் இளகும், சீட்டில் கோலம் பதிந்துவிடும்.

அழுக்கானால் ஈரத் துணி போதும். ஆல்கஹாலை இனி அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

செந்தூல்காரி

நீலம் சேர்த்துப் பார்த்தேன், நிறம் பிடித்துவிட்டது. இன்றைக்கு இரவு இலை, நாளைக்கு மல்லிகை, அப்புறம் சாட்டின். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பதால் இறுக நேரம் இருக்கிறது. மகள் தன் பள்ளிப் பையையும் நீட்டுகிறாள், அது நைலான்.

கோப்பி ஓ கொசோங்

அண்ணே, நான் வரைந்தது கேன்வாஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் மழையில் நனைந்து வெள்ளை எல்லாம் மங்கிப்போனது. அதற்கும் இதே ஃபினிஷர் போடலாமா?

அஞ்சடிக் கடை

துணிக்கு வேறு முறை தம்பி, பெயிண்டில் துணி மீடியம் என்று விற்கும் திரவத்தைக் கலந்து பூசி, காய்ந்த பிறகு இஸ்திரிச் சூடு காட்ட வேண்டும். நைலானுக்கு அந்தச் சூடு ஆகாது, தங்கச்சி கவனம். இரண்டுக்கும் சேர்த்துத் தனித் திரி ஒன்று போடுங்கள், அங்கே எழுதுகிறேன்.